அஞ்சனக்கல்லும் பிளாட்டினமும் மருந்தான கதை



பிளாட்டினம் என்றால் நமக்கு நகைக்கடை ஞாபகம்தான் வரும். தங்கத்தைவிட உசத்தி என்பார்கள். அந்தப் பிளாட்டினத்தை நோயாளியின் இரத்த நாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஏற்றுகிறார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இது அன்றாடம் நடக்கிற காரியம். 'சிஸ்பிளாட்டின்' என்பது அந்த மருந்தின் பெயர். நம் ஜனங்கள் பெயரெல்லாம் கேட்பதில்லை. "கீமோ குடுத்துட்டாங்க, இனிமே அவ்வளவுதான்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்கள். "அது விஷமாமே!" என்று பயந்து, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு, யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பஸ்பத்தை நம்பிப் போகிறவர்களும் உண்டு.

விஷம்தான். மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் விஷத்தைக் கட்டி அழைத்துக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் அவிழ்த்துவிடுவது எப்படி என்று மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெரிய அத்தியாயம் நம்மைப் போன்ற தோட்டத்து ஜனங்கள் வாழ்ந்த லயங்களில் நடந்தது. ஆகையால்தான் செலாயாங்கில் உட்கார்ந்துகொண்டு அஸ்ஸாமைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நம் பாட்டன்மார் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், வடக்கே ஏழை எளியவர்களை ஆள்கட்டி அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டு போனார்கள். அங்கேயும் லயம், அங்கேயும் துரை, அங்கேயும் சர்தார் என்ற பெயரில் ஒரு கங்காணி. இங்கே நம்மவரை அரித்த நோய் மலேரியா. 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் நம் கிள்ளானில் வடிகால் வெட்டி அதை அடக்கிய கதையை மாணவர்கள் கேட்டிருக்கலாம். அஸ்ஸாமில் மலேரியாவும் இருந்தது, அதைவிடக் கொடிய இன்னொன்றும் இருந்தது. அதற்குக் 'காலா-ஆசார்' என்று பெயர். கறுப்புக் காய்ச்சல் என்று அர்த்தம்.

காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மேனி கறுக்கும். கை கால் குச்சியாகும், வயிறு மட்டும் பானையாக முன்னே தள்ளும். உள்ளே மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிக் கிடக்கும். மருந்து இல்லாத காலத்தில் நோய் கண்ட 100 பேரில் 90 பேருக்கு மேல் செத்தார்கள். அஸ்ஸாமின் நவகாங் ஜில்லாவில் 1891-க்கும் 1901-க்கும் இடையில் ஜனத்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துபோனதற்கு இந்த நோய் பெரிய காரணம். வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்த நோய் என்று எண்ணிய மலைவாசிகள் அதைச் 'சர்க்கார் நோய்' என்றே அழைத்தார்களாம். படிக்காதவர்கள் என்கிறோம், பெயர் வைப்பதில் எவ்வளவு கூர்மை பாருங்கள்!

நோய்க்கிருமியைக் கண்டுபிடித்ததில் நம் சென்னைக்கும் பங்குண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் முகாமில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான புள்ளிகளைக் கண்டதாக, 1903 மே மாதம் வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ டாக்டர் எழுதினார். அதே ஆண்டில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சார்லஸ் டோனவன் அதே புள்ளிகளை நோயாளிகளிடம் கண்டு அறிவித்தார். அதிலும் உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்தில் பார்த்தார். யார் முந்தி என்ற சண்டை வராமல், ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்துக் கிருமிக்கு 'லீஷ்மானியா டோனவானி' என்று நாமகரணம் செய்துவிட்டார்.

கிருமி தெரிந்தது. அது எப்படிப் பரவுகிறது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. நோய் வந்த லயத்தை விட்டு முந்நூறு கெஜம் தள்ளிப் புது லயம் கட்டி ஆட்களைக் குடியேற்றினால் நோய் நின்றுவிடுகிறது என்பதை லெனார்டு ரோஜர்ஸும், டாட்ஸ் பிரைஸ் என்ற தோட்டத்து டாக்டரும் கண்டார்கள். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய மண்சுவரிலும் மாட்டுத் தொழுவத்திலும் குடியிருக்கும், கொசுவைவிடச் சிறிய மணல்பூச்சிதான் காரணம் என்று ஐயமறக் காட்டியது 1942-ல். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரின் சோதனை அது. தாமாக முன்வந்து பூச்சிக்கடி வாங்கி நோய் கண்டு பிழைத்த மனிதர்களால் கிடைத்த அறிவு.

மருந்துக்கு வருவோம். பெண்கள் கண்ணுக்கு மை தீட்டுகிற அஞ்சனக்கல் தெரியுமல்லவா? அதில் இருக்கும் சரக்குக்கு ஆன்டிமனி என்று பெயர். உலோகத்துக்கும் உலோகமல்லாததற்கும் நடுவில் நிற்கிற பொருள். நம் சித்தர்கள் இரும்பையும் பாதரசத்தையும் பாஷாணங்களையும் புடம்போட்டு மருந்தாக்கியதைப் போலவே மேல்நாட்டு வைத்தியர்களும் ஆன்டிமனியைப் பல நூற்றாண்டுகள் கையாண்டார்கள். 1912-ல் பிரேசில் நாட்டின் காஸ்பர் வியன்னா, லீஷ்மானியா வகைப் புண்ணுக்கு ஆன்டிமனி உப்பு ஒன்றை ஊசியாகப் போட்டுக் குணம் கண்டார். 1915-ல் இத்தாலியில் சிசிலித் தீவிலும், இந்தியாவில் ரோஜர்ஸும் அதைக் கறுப்புக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். சிலர் பிழைத்தார்கள். ஆனால் அந்த உப்பு இருக்கிறதே, அது கிருமியையும் கொல்லும், ஆளையும் கொல்லும். வாந்தி, இருமல், இருதயத் துடிப்பில் கோளாறு, மாதக்கணக்கில் ஊசி. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்றிருந்த தோட்டத்து ஆள், எத்தனை மாதம் படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள முடியும்? பாதியில் ஓடிவிட்டார்கள். நோய் அவர்களோடேயே போயிற்று.

இந்த நேரத்தில்தான் உபேந்திரநாத் பிரம்மச்சாரி வருகிறார். 1873-ல் பிறந்த வங்காளி. தகப்பனார் ரயில்வே டாக்டர். பையன் முதலில் படித்தது கணக்கும் இரசாயனமும், பிறகுதான் வைத்தியம். 1905 முதல் கல்கத்தா காம்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியர். ஆமாம், நம்மைப் போல வாத்தியார் வேலைதான்! மற்ற வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்களுக்கு அமைந்த கூடங்கள் இவருக்கு அமையவில்லை. காம்பெல் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. காஸ் அடுப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. இராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்ததை அவரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

அவர் மனத்தில் ஓடிய யோசனை ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே பால் ஏர்லிக் என்ற மேதை, நோயை மட்டும் தேடிப் போய்த் தாக்கும் 'மந்திரத் தோட்டா' ஒன்றைச் செய்ய முடியும் என்று சொல்லி வந்தார். 1909-ல் அவரும், ஜப்பானியரான சஹாசிரோ ஹாத்தாவும் 606 என்று எண்ணிட்ட ஆர்செனிக் மருந்தைச் சோதித்து, மேகநோய்க்குப் பலிக்கிறது என்று கண்டார்கள். ஆர்செனிக் என்றால் சாட்சாத் பாஷாணம்! கரிமப் பொருளோடு பிணைத்துக் கட்டியதால் மருந்தாயிற்று. அதற்கு முன்பு இருந்த அட்டாக்சில் என்ற ஆர்செனிக் மருந்தில் ஏர்லிக் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். கண்ணாடிக் குழாயில் கிருமிமேல் ஊற்றினால் அது ஒன்றும் செய்வதில்லை. உடம்புக்குள் போனால்தான் கொல்கிறது. அதாவது, உடம்பே அதை மாற்றிக் கூர்தீட்டுகிறது. இப்படி உள்ளே போனபிறகு உயிர்பெறும் மருந்தை இன்று 'முன்மருந்து' என்கிறார்கள். அந்த அட்டாக்சில் சிலருடைய கண்பார்வையைப் பறித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டா இன்னும் சரியாகக் குறி பார்க்கவில்லை.

பிரம்மச்சாரி ஆர்செனிக் இருந்த இடத்தில் ஆன்டிமனியை வைத்துப் பார்த்தார். ஒன்று மாற்றி ஒன்றாகப் பல சேர்மங்களைச் செய்து பார்த்துக் கடைசியில் யூரியாவோடு சேர்ந்த ஒன்றைப் பிடித்தார். 'யூரியா ஸ்டிபமைன்' என்று பெயரிட்டார். 1922-ல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். மாதக்கணக்கு சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது. அஸ்ஸாம் அரசாங்கம் ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக ஊசியைக் கொண்டு போயிற்று. பத்தாண்டுகளில் அந்த மாகாணத்தில் சிகிச்சை பெற்றவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். முன்பு நூற்றுக்கு 90 பேர் போய்க்கொண்டிருந்த நோயில், 90 பேருக்கு மேல் பிழைக்கத் தொடங்கினார்கள்.

1929-ல் அவர் பெயர் நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது, கிடைக்கவில்லை. 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. 1946-ல் காலமானார். அவர் பணிசெய்த காம்பெல் பள்ளி இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. நோபல் பரிசு போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஏர்லிக் பெயரைச் சொல்லும் பிள்ளைகளுக்குப் பிரம்மச்சாரி பெயர் தெரியாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

சரி, அந்த ஆன்டிமனி மருந்து எப்படி வேலை செய்தது? இதைத் தோட்டத்து ஆளுக்கு விளக்குவது பட்டணத்து ஆளுக்கு விளக்குவதைவிடச் சுலபம். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்குத் தெரியும். வாளியில் உள்ள பால் ஸ்டோருக்குப் போவதற்குள் உறைந்துவிட்டால் போச்சு. அதற்காக அமோனியா விடுவார்கள். வழியெல்லாம் பால் பாலாகவே இருக்கும். ஸ்டோரில் திராவகம் ஊற்றியதும்தான் கட்டியாகும். வழியில் அடங்கி இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் காரியம் நடக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்!

ஆன்டிமனிக்கு இரண்டு நிலைகள் உண்டு. 'ஐந்து' என்ற நிலையில் இருக்கும்போது அது கொஞ்சம் சாது. 'மூன்று' என்ற நிலைக்கு இறங்கினால் கொலைகாரன். பழைய உப்பு மூன்றாம் நிலையிலேயே உடம்புக்குள் போனது. அதனால்தான் வழியெல்லாம் இருதயத்தையும் வயிற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. பிரம்மச்சாரியின் மருந்தும் அதற்குப் பின் வந்தவையும் ஐந்தாம் நிலையில் போயின. கிருமி குடியிருக்கும் உயிரணுவுக்குள்ளும் கிருமிக்குள்ளும்தான் அது மூன்றாக மாறுகிறது என்பது இன்றைய விஞ்ஞானிகள் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அரிக்கேன் விளக்கில் வேலை செய்தவருக்கு இந்த விளக்கமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. யூரியா ஸ்டிபமைனின் சரியான அமைப்பு என்ன என்பதைப் பற்றியே இரசாயனக்காரர்கள் வெகுகாலம் வாதாடினார்கள்.

நடுவில் ஒரு வார்த்தை. "நம்ம பஸ்பமும் உலோகம்தானே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முறைப்படி கற்ற சித்த வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தையில் விலாசமில்லாமல் விற்கும் பொட்டலத்தில் என்ன உலோகம், எந்த நிலையில், எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அஸ்ஸாமில் ஒவ்வொரு ஊசிக்கும் அளவு இருந்தது. பிழைத்தவர் எத்தனை, செத்தவர் எத்தனை என்று பேரேட்டில் எழுதினார்கள். வித்தியாசம் அந்தப் பேரேட்டில் இருக்கிறது.

இனி பிளாட்டினம். இது கிணறு வெட்டப் போய்ப் புதையல் கிடைத்த கதை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்சாரம் பாய்ந்தால் பாக்டீரியா எப்படிப் பெருகும் என்று பார்க்க விரும்பினார். கரையாத உலோகமாயிற்றே என்று பிளாட்டினக் கம்பிகளை வைத்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தின் மாயமல்ல என்று பிறகு தெரிந்தது. கம்பியிலிருந்து துளி பிளாட்டினம் கரைந்து, அந்தத் திரவத்தில் இருந்த அமோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்துகொண்டது. பிரிந்து பெருகுவதைத் தடுக்கும் பொருள் என்றால், கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்க்கு ஆகுமே! எலிகளில் சோதித்தார்கள், 1971-ல் மனிதருக்குக் கொடுத்தார்கள், 1978-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது.

பொருள் புதிதல்ல. 1844-லேயே மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் செய்து வைத்ததுதான். அதன் வடிவத்தை 1893-ல் ஆல்பிரட் வெர்னர் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு உலோக அணு, அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் துணைகள். இப்படிப்பட்டதை 'உலோக அணைவுச் சேர்மம்' என்று நம் மாணவர்கள் மேல்வகுப்பில் படிப்பார்கள். சிஸ்பிளாட்டினில் நடுவில் பிளாட்டினம், ஒரு பக்கம் இரண்டு அமோனியா, மறுபக்கம் இரண்டு குளோரைடு. அதே நான்கு துணைகளும் எதிரெதிராக மாறி நின்றால் அந்த மருந்து புற்றுநோய்க்குப் பயன்படுவதில்லை. ஆள் அதே ஆள்தான், நிற்கிற இடம் மாறினால் வேலை நடக்காது!

பாலுக்கு விட்ட அமோனியாவே இங்கேயும் வருகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இங்கே காவல் காப்பது குளோரைடு. நம் இரத்தத்தில் உப்பு அதிகம். உப்பு என்றால் குளோரைடு. சுற்றிலும் குளோரைடு நிறைந்திருக்கும்வரை பிளாட்டினத்தைப் பிடித்திருக்கும் குளோரைடு சட்டென்று கையை விடுவதில்லை. உயிரணுவுக்குள் நுழைந்ததும் அங்கே குளோரைடு மிகக் குறைவு. பிடி நழுவுகிறது, அந்த இடத்தில் தண்ணீர் வந்து ஒட்டுகிறது, பிளாட்டினம் விழித்துக்கொள்கிறது. மரபணு நூலைப் பிடித்து முறுக்கிவிடுகிறது. உயிரணு பெருக முடியாமல் மடிகிறது. இளைஞர்களுக்கு வரும் விரைப் புற்றுநோய் ஒரு காலத்தில் மரண ஓலை. இந்த மருந்து வந்தபின் பரவிய நிலையில் வந்தவர்கள்கூடப் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

குறை எங்கே என்றால், இந்தப் பூட்டுக்கு எல்லா வீட்டிலும் சாவி இருக்கிறது. நல்ல உயிரணுவுக்குள்ளும் குளோரைடு குறைவுதானே! ஆகவே கிட்னி கெடுகிறது, காது மந்தமாகிறது, வாந்தி குடலைப் பிடுங்குகிறது. நோயுள்ள இடத்தில் மட்டும் திறக்கும் பூட்டு வேண்டும். இப்போது நடக்கும் ஆராய்ச்சி எல்லாம் இந்தப் பூட்டைப் பற்றியதுதான். பிளாட்டினத்துக்கே ஆறு துணைகளைக் கட்டி, ஆன்டிமனிக் கதையைப் போல மேல்நிலையில் அனுப்பிப் பார்த்தார்கள். சாட்ராபிளாட்டின் என்று விழுங்கும் மாத்திரையே செய்தார்கள். பெரிய சோதனையில் நோயாளிகளின் ஆயுளை அது நீட்டவில்லை, அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. புற்றுக்கட்டியின் நடுவில் பிராணவாயு குறைவு என்பதை வைத்துக் கோபால்ட்டைச் சுமைக்காரனாக்கும் முயற்சியும் உண்டு. கோபால்ட் 'மூன்று' நிலையில் மருந்தை இறுகப் பிடித்துக்கொண்டு போகும். பிராணவாயு இல்லாத இடத்தில் 'இரண்டு' நிலைக்கு இறங்கி, பிடி தளர்ந்து, சுமையைப் போட்டுவிடும். எண்ணம் அழகானது. இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி நோயாளியின் கட்டிலுக்கு வரவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அகில் சக்கரவர்த்தியின் குழு, வெளிச்சம் பட்டால் மட்டும் விழித்தெழும் அணைவுகளைச் செய்து காட்டியிருக்கிறது. வேறொரு வழியில் வந்த லுட்டேஷியம் என்ற கதிர்வீச்சு உலோகம், கட்டியைத் தேடி ஒட்டும் பொருளோடு கட்டப்பட்டு, 2018-லும் 2022-லும் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளாக அனுமதி பெற்றுவிட்டது.

கறுப்புக் காய்ச்சல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1990-களில் பீகாரின் சில ஜில்லாக்களில் பாதிப் பேருக்கு மேல் ஆன்டிமனி கேட்காமல் போயிற்று. பிறகு ஆம்போட்டெரிசின் என்ற வேறு மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். கொழுப்பு உருண்டையைக் கண்டால் விழுங்கும் உயிரணுக்கள் எவையோ, அவற்றுக்குள்தான் இந்தக் கிருமியும் குடியிருக்கிறது. மருந்து தானாகக் கிருமியின் வீட்டு வாசலில் இறங்கியது! ஒரே ஒரு முறை ஏற்றினால் போதும் என்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் குழு 2010-ல் காட்டியது. 2023-ல் வங்காள தேசம், இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழித்த முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

நம் ஊர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவோம். உங்கள் வீட்டில் யாருக்காவது சிஸ்பிளாட்டின் ஏற்றினால், மருந்துக்கு முன்னும் பின்னும் பை பையாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். "மருந்து குடுக்காம வெறும் தண்ணியா ஏத்துறாங்களே" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்த உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடுதான் பிளாட்டினத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கிட்னியைக் கழுவிக் காப்பாற்றுகிறது. எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் போனது என்று மிஸ்ஸி கேட்டால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். காதில் 'ங்...' என்று இரைச்சல் கேட்டால் அன்றே சொல்லிவிட வேண்டும். டாக்டர் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்ய அந்த ஒரு செய்தி அவருக்கு வேண்டும்.